பலாச்சுளையும் பீரும்

மே 3, வெள்ளி

காலை 11.40-க்கு சுகந்தி வந்து சேர்ந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. புதுச்சேரியில் ஸ்கூட்டரில் போகும்போது சாலையில் கொட்டிக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்திருக்கிறாள். ஆறு வாரம் கட்டைப் பிரிக்கக் கூடாதாம். ஆட்டோவிலிருந்து பையை என் மனைவி மங்கைதான் இறக்கினாள். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"வா" என்றேன்.

"ம்" என்றாள்.

என் மகள் இந்த வீட்டுக்குக் கடைசியாக வந்து மூன்று வருடம் ஆகிறது. ஓட்டலில் அவளுக்கு வேலை அதிகம். அதனால் வர முடியவில்லை.

மதியம் முருங்கைக்காய் சாம்பார், கோவைக்காய்ப் பொரியல். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். பருக்கை சிந்தியது. நான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ளப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

மே 4, சனி

கத்திரி வெயில் ஆரம்பம். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது.

மாலை 4.15-க்கு மோர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில், கீரைக்கட்டுக்குப் பின்னால், பீர் பாட்டில் இரண்டு. தலா 330 மில்லி. புதுச்சேரியில் மட்டும் விற்க வேண்டியது என்று லேபிளில் அச்சாகியிருந்தது. புதுச்சேரிச் சரக்கு எல்லை தாண்டி விழுப்புரத்துக்குள் வரக் கூடாது. போலீஸ் மதுவிலக்குப் பிரிவில் பதினெட்டு வருடம் நான் பார்த்த வேலையே அதுதான். பாட்டில்களைத் திறந்து வாஷ்பேசினில் கொட்டினேன். நுரை அடங்கத் தண்ணீரும் விட்டேன்.

திரும்பினால் சுகந்தி வாசற்படியில் நிற்கிறாள்.

"அது குடிக்கறதுக்கு இல்லப்பா."

"பின்ன எதுக்கு?"

"ஐஸ் செய்ய."

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று சாத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மெதுவாகச் சாத்தினாள்.

நான் செய்தது சட்டப்படி சரி.

மே 5, ஞாயிறு

மங்கை என்னோடு பேசவில்லை. காபி வந்தது. சர்க்கரை இல்லை.

மே 6, திங்கள்

மங்கை பேசினாள். துணி காயப்போட்டுக்கொண்டே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாகப் பதிகிறேன்.

சுகந்தி ஓட்டல் வேலையை விட்டுவிட்டாள். சொந்தமாகப் பழ ஐஸ் கடை வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக அவளுக்கு ஆசை. இம்மாதம் 26-ஆம் தேதி புதுச்சேரியில் கோடைப் பழ விழா. அதில் சமையற்காரர்களுக்குப் போட்டி உண்டு. பழத்தை வைத்துக் குளிர்ந்த பதார்த்தம் ஒன்றை மேடையிலேயே செய்து காட்ட வேண்டும். முதலாவது வருகிறவருக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வருடத்துக்குக் கடை. மார்ச்சிலேயே பெயர் கொடுத்துவிட்டாள். பலாச்சுளையும் கோதுமை பீரும் சேர்த்து உறைய வைத்த ஐஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இனி மாற்ற முடியாது. போட்டியில் உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வருவதாக இருந்த தோழி துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இப்போது சுகந்தியின் கையும் போய்விட்டது.

"அந்த ரெண்டு பாட்டிலும் அலைஞ்சு தேடிப் புடிச்சதாம். அதைத்தான் நீங்க சாக்கடையில ஊத்துனது."

"என்கிட்ட யாரு சொன்னா?"

"சொல்ற மாதிரியா வச்சிருக்கீங்க?"

கொடியில் கிளிப் போட நான் உதவினேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

மே 7, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு அருகில் பக்கிரியின் பழக்கடைக்குப் போனேன். பக்கிரியை நான் நான்கு முறை கைது செய்திருக்கிறேன், நான்கும் பாக்கெட் சாராய வழக்கு. ஒன்பது வருடமாக எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழம் விற்கிறான். என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றான்.

"உக்காருய்யா. ஒரு விவரம் வேணும். கோதுமை பீர்னு ஒண்ணு இருக்காமே. நம்ம ஊருல கிடைக்குமா?"

"கேஸா அய்யா?"

"கேஸ் மாதிரிதான்."

"நீங்க ரிட்டயர் ஆயி நாலு வருஷம் ஆச்சே?"

வாழைப்பழத்தை அழுத்திப் பார்த்தேன். பக்கிரி குனிந்து சிரித்தான். பிறகு, சாதாரணக் கடைகளில் கிடைக்காது, திருச்சி ரோட்டில் ஏசி போட்ட அரசுக் கடை ஒன்று இருக்கிறது, அங்கே கண்ணாடி அலமாரியில் இருக்கும் என்று வழி சொன்னான்.

பகல் 12.30-க்கு மேற்படி கடைக்குச் சென்றேன். வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் மூவர் ஓடினர். இருவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டனர். ஒருவர், "ரெய்டா சார்?" என்று கேட்டார். "இல்லை, வாங்க வந்திருக்கேன்" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு முன்னால் நிற்க யாரும் தயாராக இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது. பாட்டில் நான்கு, ரசீதுடன்.

வீட்டில் மேஜைமேல் வைத்தேன். சுகந்தி லேபிளைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"நீங்களே போனீங்களா?"

"வேற யாரு போவா? நான் கொட்டுனது ரெண்டு. இதுல நாலு இருக்கு."

மே 8, புதன்

போட்டியில் உதவிக்கு நான் வருவது என்று முடிவாயிற்று. யார் கேட்டது, யார் ஒப்புக்கொண்டது என்று தெரியவில்லை. மங்கை சாப்பாடு போடும்போது, "அப்பாதான் வராரே" என்றாள். யாரும் மறுக்கவில்லை.

மே 9, வியாழன்

முதல் முயற்சி. பக்கிரி பண்ருட்டிப் பழம் ஒன்று தேர்ந்து கொடுத்தான். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தேன். பால் பிசின் இப்போதும் போகவில்லை. சுகந்தி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். சுளையை அரைத்து, நார் போக வடிகட்டி, சர்க்கரைப் பாகும் எலுமிச்சைச் சாறும் கலந்து, கடைசியில் பீர். சீக்கிரம் குளிரட்டும் என்று பீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். 2.50-க்குப் பெரிய சத்தம். பாட்டில் வெடித்து ஃப்ரீசர் முழுக்கக் கண்ணாடி. மங்கையின் இட்லி மாவு டப்பாவும் சேதம்.

சுகந்தி சிரித்தாள். சத்தமாக, கையைப் பிடித்துக்கொண்டு. கட்டுப் போட்ட இடம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

இந்த மாதம் கண் பரிசோதனைக்குப் புதுச்சேரி போகவில்லை. மாதா மாதம் போவது வழக்கம். "ஆமாமா, இந்த மாசம் அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் மங்கை. கண்ணைத்தான் சொல்கிறாள்.

மே 10, வெள்ளி

இரண்டாம் முயற்சி. வாசனை எங்கே குறைகிறதோ என்ற எண்ணத்தில் பாட்டிலில் இருந்த பீர் முழுவதையும் ஊற்றிவிட்டேன். நாள் முழுக்க ஃப்ரீசரில் இருந்தும் உறையவில்லை. கூழாகவே கிடந்தது.

"போதை உறையாதுப்பா. அது எவ்வளவு இருக்கோ அவ்வளவு இளகும்" என்றாள்.

அது எனக்குத் தெரிந்ததுதான். வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

மே 11, சனி

பாதி பீரைச் சிறு தீயில் காய்ச்சி, ஆவி போக்கிச் சேர்ப்பது என்று முடிவு. அடுப்பில் வைத்துவிட்டுப் போன் எடுக்கத் திரும்பினேன். நுரை பொங்கி அடுப்பு அணைந்தது. அக்கம்பக்கம் மூன்று வீட்டுக்கு வாடை. எதிர்வீட்டு ஆசிரியர் ஜன்னலைத் திறந்து மூடினார்.

ஆனால் இன்று ஒன்று நடந்தது. சுளையை அரைக்கும் முன் மோந்து பார்த்தேன். "இது ஆகாது. நாளைக்குப் புளிச்சிடும்" என்றேன்.

சுகந்தி மூக்கருகில் கொண்டு போனாள். "நல்லாத்தானே இருக்கு?"

"நாளைக்குப் பாரு."

வயலில் புதைத்து வைத்த சாராய ஊறலை வரப்பில் நின்றே கண்டுபிடிப்பேன். எங்கள் ஜீப்பில் மோப்ப நாய் கிடையாது. நான்தான் இருந்தேன்.

மே 12, ஞாயிறு

காலை 7.05. தனியே எடுத்து வைத்த அந்தச் சுளை புளித்திருந்தது.

சுகந்தி அதை வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு சமையலறையில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக என் மூக்கருகே நீட்டினாள். வெந்நீரில் ஊறிய ஏலக்காய், எலுமிச்சைத் தோல், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, கடைசியாகத் திறந்த பீர் பாட்டில்.

"இதுல என்ன வாசனை வருது? யோசிக்காம சொல்லுங்க."

"வாழைப்பழம். கொஞ்சம் கிராம்பு. அப்புறம்..." பலாப் பாத்திரத்தை மோந்தேன். மறுபடி பாட்டிலை. "அட, ரெண்டுலயும் ஒரே வாசனை ஓடுது."

"அதேதாம்பா! அதனாலதான் இந்தப் பீரு. ஓட்டல்ல அஞ்சு பேருகிட்ட குடுத்தேன். யாருக்கும் பிடிபடல."

ஏலக்காய் வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

மே 14, செவ்வாய்

மூன்றாம் முயற்சி. அளவு இப்போது தெரிந்துவிட்டது. வடிகட்டிய பலா விழுது ஒரு கிலோ. ஒரு சின்னப் பாட்டில் பீர். அதில் பாதியைக் காய்ச்ச வேண்டும், பாதி பச்சையாக. எலுமிச்சை இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை. அரை மணிக்கு ஒரு முறை முள்கரண்டியால் சுரண்டி விட வேண்டும். ரோந்துக்குப் போன இடத்தில் பீட் நோட்டில் கையெழுத்துப் போடுவது போல நேரம் குறித்துச் சுரண்டினேன்: 10.00, 10.30, 11.00, 11.30, 12.00, 12.30. பகல் ஒரு மணிக்கு மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஈர மணலில் வெயில் பட்டதுபோல் மின்னியது.

மங்கை இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். "சாமி கும்பிட்டாச்சு, பரவால்ல" என்றாள்.

சுகந்தி எனக்கு நீட்டவில்லை. நான் குடிக்காதவன் என்று அவளுக்குத் தெரியும். கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மே 15, புதன்

ஒரு ஸ்பூன் ருசி பார்த்தேன். கடமை நிமித்தம்.

மே 16, வியாழன்

நேற்று எழுதியது போதாது.

நான் மதுவைத் தொட்டதில்லை. அதற்குக் காரணம் ஒழுக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தபோது ஒரு கிராமத்தில் கள்ளச்சாராயம் குடித்து ஒரே நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். ஒன்பது பிரேத விசாரணை அறிக்கையும் என் கையெழுத்தில் இருக்கின்றன. கடைசி வீட்டில், செத்தவனின் மகள் அவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏழெட்டு வயது. இதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள். அப்போது சுகந்திக்கும் அதே வயது. அறிக்கையில் செருப்பை எழுத இடமில்லை.

மூன்று வருடத்துக்கு முன் சுகந்தி போன் செய்தாள். ஓட்டலில் இனிப்புப் பிரிவுக்கு அவளைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள், ரம் ஊற்றி ஒரு புட்டிங் செய்து பெரிய பெயர் வாங்கிவிட்டாள் என்று ஒரே சந்தோஷம். நான், "சாராயம் காய்ச்சுறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

வேலை அதிகம், அதனால் வரவில்லை என்று மே 3-இல் எழுதியது பொய்ப் பதிவு. அடித்துத் திருத்துவது என் வழக்கமில்லை. எனவே இங்கே எழுதுகிறேன்.

நேற்று வாயில் போட்டதும் முதலில் குளிர்ச்சி. பிறகு பலா, முழுப் பலா. எல்லாம் கரைந்த பிறகு நாக்கின் அடியில் மெல்லிய கசப்பு, வேப்பம்பூ ரசத்தில் வருமே, அதுபோல. அந்தக் கசப்பு இனிப்பைத் திகட்ட விடாமல் பிடித்து நிறுத்துகிறது. அந்த ஒன்பது வீடுகளில் அடித்த வாடை இதில் இல்லை. மூக்கை வைத்து நன்றாகத் தேடினேன். இல்லவே இல்லை.

கிண்ணத்தைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்தேன்.

மே 19, ஞாயிறு

ஒத்திகை. மேடையில் நேரம் இரண்டரை மணி. வீட்டு ஃப்ரீசரில் மூன்று மணி ஆகிறது. தட்டையான தட்டில் மெல்லியதாகப் பரப்பினால், அரைப்பது காய்ச்சுவது எல்லாம் சேர்த்தே இரண்டு மணி இருபது நிமிடம். பத்து நிமிடம் மிச்சம். போதும் என்கிறாள். போதாது என்று நான் நினைக்கிறேன். சொல்லவில்லை.

மே 22, புதன்

மேடையில் கட்டிக்கொள்ள எனக்கு ஏப்ரன் தைத்திருக்கிறாள் மங்கை. காக்கித் துணியில். வேண்டுமென்றேதான்.

மே 25, சனி

நாளைக்கு வேண்டிய பழத்தை எடுக்கப் பக்கிரி கடைக்குப் போனோம். ஏழு பழம் அறுத்துக் காட்டினான். ஆறை மோந்துவிட்டு வேண்டாம் என்றேன்.

"அய்யா, எனக்கு நஷ்டம் பண்றதுக்குன்னே பொறந்திருக்கீங்க" என்றான் பக்கிரி.

ஏழாவது பழம். அவனே பேப்பரில் சுற்றிக் கட்டினான். நாளைக்குக் கடையை மூடிவிட்டு அவனும் வருகிறானாம்.

மே 27, திங்கள்

நேற்று எழுதவில்லை. எழுத விஷயம் இருந்தும் எழுதாமல் விட்டது முப்பத்து மூன்று வருடத்தில் இதுவே முதல் முறை. இப்போது மொத்தமாக எழுதுகிறேன்.

காலை 6.30 பஸ். மங்கையும் பக்கிரியும் முன் சீட்டு. நானும் சுகந்தியும் பின்னால், மடியில் ஐஸ் பெட்டி. கண்டமங்கலம் தாண்டியதும் சுகந்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்:

"கண் ஆஸ்பத்திரி எங்க ஓட்டலுக்கு எதிர்ல இருக்காப்பா?"

டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"வாட்ச்மேன் சொல்வாரு. மாசம் ஒருநாள் ஒரு பெரியவர் எதிர் பஸ் ஸ்டாப்புல வந்து உக்காருவாரு, நான் வெளிய வந்து ஆட்டோ ஏறுனதும் எந்திரிச்சுப் போயிடுவாருன்னு. மூணாவது மாசம் நானே மாடியில இருந்து பாத்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"நீங்களும் உள்ள வந்திருக்கலாமே."

ஐஸ் பெட்டி மூடியைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"அன்னைக்குப் போன்ல நான் சொன்ன வார்த்தை தப்பு, சுகந்தி. சொன்ன உடனே தெரிஞ்சுது. திருப்பிக் கூப்பிடத் தைரியம் வரல."

அவள் இடது கையை என் முழங்கை மேல் வைத்தாள். புதுச்சேரி வரை எடுக்கவில்லை.

கோதுமை பீரைப் புதுச்சேரியிலேயே வாங்கினோம். நான் போய் வாங்கினேன். இந்த ஊரில் என்னைக் கண்டு யாரும் ஓடவில்லை.

போட்டி கடற்கரை அருகில் ஒரு மைதானத்தில், பெரிய பந்தலில். பதினான்கு பேர். நடுவர்கள் மூவர். நடுவில் மதலேன் அம்மாள் என்று எழுபது வயதுப் பெண்மணி; பிரான்சில் நாற்பது வருடம் சமையல்காரியாக இருந்து திரும்பியவராம். 10.00-க்கு மணி அடித்தார்கள். சுகந்தி இடது கையால் கலந்தாள், நான் அரைத்தேன், வடித்தேன், காய்ச்சினேன். நுரை பொங்கும் முன்பே தீயைக் குறைத்தேன். 10.25-க்குத் தட்டு ஃப்ரீசருக்குள் போயிற்று.

ஃப்ரீசர் மொத்தம் மூன்றுதான். பதினான்கு பேரும் மாறி மாறித் திறந்தார்கள். 11.00-க்குப் பார்த்தேன், தண்ணீர். 11.20-க்குப் பார்த்தேன், ஓரத்தில் மட்டும் நூல் போல ஒரு கோடு. மற்றவர்களுடையது மாம்பழம், தர்பூசணி, எல்லாம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. எங்களுடையதில் பீர் இருக்கிறது. இந்தக் குளிர் அதற்குப் போதாது.

சுகந்தி தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். "அவ்வளவுதாம்பா" என்றாள். "ஜூஸ்னு சொல்லிக் குடுத்துடலாம்."

கடலூர்ப் பக்கமிருந்து வரும் மீன் லாரிகளை நான் எத்தனையோ முறை சோதனை போட்டிருக்கிறேன். ஐஸுக்கு அடியில் பாட்டில்களைப் புதைத்துக் கொண்டுவருவார்கள். வெறும் ஐஸில் கை விட்டால் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இறால் லாரிக்காரர்கள் ஐஸில் கல்லுப்பைக் கலந்திருப்பார்கள். அதில் கை விட்டால் விரல் செத்துப்போகும். ஒரு தடவை இரண்டு நாள் எனக்குப் பேனா பிடிக்க வரவில்லை.

"பக்கிரி!" என்று பந்தலுக்கு வெளியே பார்த்துக் கத்தினேன். பதினெட்டு வருடத்தில் அவன் பெயரை நான் கத்தி, அவன் என்னை நோக்கி ஓடி வந்தது இதுவே முதல் முறை. "மீன் மார்க்கெட்டுக்கு ஓடு. பார் ஐஸ் ஒண்ணு, கல்லுப்பு அஞ்சு கிலோ, ஒரு கோணி. ஆட்டோவுல போ, அதே ஆட்டோவுல வா!"

விதியில் இடமுண்டா என்று மதலேன் அம்மாளிடம் கேட்டேன். "ஃப்ரீசர்லதான் உறைய வைக்கணும்னு எங்கேயும் எழுதலையே" என்றார் அவர். அதற்குள் மங்கை பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து பெரிய பிளாஸ்டிக் வாளியும், பால் வாங்கும் எவர்சில்வர் தூக்கும் கொண்டுவந்துவிட்டாள். எங்கிருந்து, யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை.

11.48-க்கு ஐஸ் வந்தது. கோணிக்குள் போட்டுக் கட்டி, பந்தலுக்குப் போட்டது போக மிஞ்சிக் கிடந்த கழி ஒன்றை எடுத்தேன். லத்தி பிடித்த கை. பத்தே அடி. ஐஸ் பொடியாயிற்று. ஜனம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. வாளியில் ஐஸ், உப்பு, ஐஸ், உப்பு. நடுவில், தட்டில் இருந்ததை ஊற்றிய தூக்கு. பிடியைப் பிடித்து இடமும் வலமும் சுற்றினேன். சுகந்தி இடது கையில் மரக்கரண்டியை வைத்துக்கொண்டு உள்பக்கம் ஒட்டுவதைச் சுரண்டிச் சுரண்டிவிட்டாள்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கரண்டி படும் சத்தம் மாறியது. சளசளப்புப் போய், சரக் சரக் என்று கேட்டது.

"அப்பா, பிடிக்குது!"

"பேசாத, சுரண்டு!"

"நிறுத்தாதீங்கப்பா!"

"நான் எங்க நிறுத்துனேன்?"

கூட்டத்தில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். நாங்கள் சுற்றும் தாளத்துக்கே தட்டினார்கள். பக்கிரி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, "விடாதீங்க அய்யா! விடாதீங்க!" என்று கத்தினான். என் தோள்பட்டை எரிந்தது. அறுபத்திரண்டு வயது. ஒரு முறைகூட மணியைப் பார்க்கவில்லை. 12.27-க்கு மூடியைத் திறந்தபோது தூக்கு நிறைய மஞ்சள் ஐஸ். வீட்டில் செய்ததைவிட மெல்லிய பொடி. சுற்றிக்கொண்டே இருந்ததால் கட்டி தட்டவே இல்லை. சுகந்தி மூன்று கிண்ணத்தில் குவித்து வைத்து முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மற்ற இரு நடுவர்களும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுக் குறித்துக்கொண்டார்கள். மதலேன் அம்மாள் ஒரு ஸ்பூன் சாப்பிட்டார். பேனாவைக் கீழே வைத்தார். கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, பலாவையும் இந்தப் பீரையும் சேர்க்கலாம்னு யாருக்குத் தோணுச்சு?" என்று கேட்டார்.

"என் மகளுக்கு" என்றேன்.

"வாசனையைத் தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தது அப்பா" என்றாள் சுகந்தி. "இன்னைக்கு ஐஸைக் கண்டுபிடிச்சதும் அவருதான்."

இரண்டு மணிக்கு முடிவு. மூன்றாவது பரிசு தர்பூசணி. இரண்டாவது மாம்பழம். முதல் பரிசுக்கு ஒலிபெருக்கியில், "விழுப்புரம், சுகந்தி அரிகிருஷ்ணன்" என்றார்கள். என் பெயரை எத்தனையோ ரோல்காலில் கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்டதில்லை. மங்கை நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண். பக்கிரி யார் யாரையோ கட்டிப்பிடித்தான். சுகந்தி மேடையேறி, மாவுக்கட்டுக் கையால் கேடயத்தைத் தாங்க முடியாமல் தடுமாறி, "அப்பா, பிடிங்க" என்றாள். இருவரும் சேர்ந்து பிடித்தோம். போட்டோவில் என் கண் மூடியிருக்கிறது. வெயில் அப்படி. இல்லை. அழுதேன்.

மாலையில் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குக் கிடைத்த கடையைப் பார்த்தோம். எட்டடிக்கு ஆறடி, நீல ஷட்டர், எதிரே கடல். பக்கிரி வாளியில் மறுபடி ஐஸும் உப்பும் நிரப்பியிருந்ததால் தூக்கில் மிச்சமிருந்தது கெட்டியாகவே இருந்தது. 6.20 மணிக்கு யாரோ, "அரி! எங்க இந்தப் பக்கம்?" என்றார்கள்.

தனகோடி அய்யா. மதுவிலக்குப் பிரிவில் எனக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு இங்கே இருக்கிறார். அவர் நடந்து வந்தால் ஸ்டேஷனில் மின்விசிறியே மெதுவாகச் சுற்றும் என்போம். எழுந்து நின்றுவிட்டேன்.

"இது யாரு, பொண்ணா? பேங்க்ல இருக்கறதா சொன்னியே, அந்தப் பொண்ணா?"

மூன்று வருடமாக அவரிடமும் மற்ற நண்பர்களிடமும் நான் அப்படித்தான் சொல்லி வந்தேன். சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"பொய் சொன்னேங்கய்யா" என்றேன். "பேங்க்ல இல்ல. இவ ஐஸ் செய்யறா. பழத்துல பீர் ஊத்தி. நானும் சேந்துதான் செஞ்சோம். இன்னைக்குப் புதுச்சேரியிலயே முதல் பரிசு." சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. "அதோ, அந்த நீல ஷட்டர்தான் இவ கடை."

தனகோடி அய்யா கேடயத்தைப் பார்த்தார். என் காக்கி ஏப்ரனைப் பார்த்தார். பீர் என்ற சொல்லுக்கு அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் மாறியது.

சுகந்தி பயப்படவில்லை. ஒரு கப்பில் ஐஸைப் போட்டு இடது கையால் நீட்டினாள். "சாப்பிட்டுப் பாத்துட்டுத் திட்டுங்க அங்கிள்."

வாங்கினார். ஒரு வாய் சாப்பிட்டார். கடலைப் பார்த்தபடி நின்றார். இன்னொரு வாய். மங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கப்பின் அடியை ஸ்பூன் சுரண்டும் சத்தம் கேட்டது.

எங்கள் செக்ஷனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று: தனகோடி அய்யா எதையும் இரண்டாம் முறை கேட்க மாட்டார். முதல் முறையே வந்துவிட வேண்டும்.

காலிக் கப்பை என்னிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்காய்யா?"